நான்கு புத்தகம், ஒரு மேடை – கடிதம்

அன்புள்ள ஐயா,

நானும் நண்பர் ஒருவரும் சேர்ந்து உசிலம்பட்டியில் ஒரு சிறிய பதிப்பகம் தொடங்கியிருக்கிறோம். புனைவு மட்டும்தான். 176 பக்கத்தில் ஒரு நாவல், 340 பக்கத்தில் இன்னொரு நாவல், இரண்டு சிறுகதைத் தொகுப்புகள் தயாராக இருக்கின்றன. எழுத்தாளர்கள் நால்வருக்கும் இது முதல் புத்தகம். மதுரைப் புத்தகத் திருவிழாவை ஒட்டி நான்கையும் ஒரே மேடையில் வெளியிட நினைக்கிறோம், ஒவ்வொன்றும் 300 பிரதி. எழுத்தாளர்களின் ஆசையும் அதுதான். இது சரிவருமா? எதிலெல்லாம் கவனமாக இருக்க வேண்டும்?

ச., உசிலம்பட்டி

அன்புள்ள ச.,

சரிவராது. திருவிழாவுக்கு ஒரு புத்தகம் போதும்.

உங்கள் நான்கு புத்தகங்களையும் முதலில் வாங்கப்போகிறவர்கள் நானூறு தனித்தனி ஆட்கள் அல்ல. மதுரை, தேனி, திண்டுக்கல் பக்கம் புதிய புனைவைத் தேடிப் படிக்கும் அதே நூறு நூற்றைம்பது பேர்தான். அவர்கள் ஒரே நாளில் எண்ணூறு ரூபாயை எடுத்து நீட்ட மாட்டார்கள். ஒன்றை வாங்கிவிட்டு, மற்ற மூன்றையும் புரட்டிப் பார்த்துவிட்டு, "அடுத்த தடவை" என்று போய்விடுவார்கள். அடுத்த தடவை அது புதுப் புத்தகமும் இல்லை. மேடையிலும் இதே கதைதான். நான்கு புத்தகத்துக்கு எட்டுப் பேச்சாளர்கள், நன்றியுரை வரும்போது மணி ஒன்பதைத் தாண்டியிருக்கும், ஊர்க்காரர்கள் கடைசி பஸ்ஸுக்குக் கிளம்பியிருப்பார்கள்.

பணக் கணக்கையும் பாருங்கள். 176 பக்க நாவலுக்கு விலை 220 ரூபாய், ஒரு பிரதிக்கு அச்சும் பைண்டிங்கும் 90 ரூபாய், லேஅவுட், அட்டை வடிவமைப்பு, மெய்ப்பு (அச்சுக்கு முன் பிழை திருத்துவது) எல்லாம் சேர்த்து 8,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 300 பிரதிக்கு 35,000 ரூபாய் முடங்கும். திருவிழா வழக்கப்படி 10 சதவீதக் கழிவில் நீங்களே நேரடியாக விற்றால் கைக்கு வருவது 198. அதில் எழுத்தாளருக்கு 10 சதவீத ராயல்டி 22 போனால் மீதி 176. அதாவது 199 பிரதி நேரடியாக விற்றால்தான் போட்ட பணம் திரும்பும். கடைக்கு 35 சதவீதக் கழிவில் கொடுத்தால் ராயல்டிக்கு முன்பே 143-தான் வரும், அதுவும் விற்ற பிறகு கணக்குப் பார்த்து, சில மாதம் கழித்து. விநியோகஸ்தர் வழியாக 45 சதவீதத்தில் போனால் ராயல்டியும் அச்சுச் செலவும் போக ஒரு பிரதிக்கு 9 ரூபாய் நிற்கும். பார்சல் கட்டணம் அதைத் தின்றுவிடும். நூல்களுக்கு ஜிஎஸ்டி இல்லை என்று சந்தோஷப்படவும் முடியாது. விற்பனைக்கு வரி இல்லாததால், தாளுக்கும் அச்சுக்கும் கட்டிய வரியைத் திரும்ப எடுக்க வழியில்லை.

இதற்கு மருந்து 300-ஐக் குறைப்பது. இந்த எண்ணிக்கைக்கு எப்படியும் டிஜிட்டல் அச்சுதான், தகடு செய்து அச்சிடும் ஆஃப்செட் 500-க்கு மேல் போனால்தான் கட்டுபடியாகும். டிஜிட்டலில் 150 அடித்தாலும் 300 அடித்தாலும் பிரதி விலையில் பெரிய வித்தியாசம் வராது. 150 அடியுங்கள். முடங்கும் பணம் 21,500 ஆகிவிடும், 123 பிரதி நேரடியாக விற்றால் போட்ட பணம் வந்துவிடும். தேவைப்பட்டால் பத்து நாளில் இன்னும் நூறு அடித்துக்கொள்ளலாம். "முதல் பதிப்பு 300" என்று சொல்லிக்கொள்வதில் இருக்கும் பெருமை, கட்டிலுக்கடியில் கிடக்கும் 180 பிரதியைப் பார்க்கும்போது இருக்காது.

வரிசை என்று கேட்டால், 176 பக்க நாவல் முதலில். தொகுப்புகளில் ஒன்றை ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சிக்குக் கொண்டுபோங்கள். சிறுகதை தனியாக நின்று விற்பது கடினம், ஏற்கெனவே ஒரு நாவல் பேசப்பட்ட பதிப்பகத்தின் பெயர் அதற்குத் துணை வேண்டும். பெரிய நாவல் கடைசி. செலவு இரண்டு மடங்கு என்பதோடு, 340 பக்கத்தைச் செம்மை செய்ய உங்கள் இருவருக்கும் இன்னும் ஆறு மாதமாவது வேண்டும். அச்சில் 16 பக்கம் ஒரு ஃபாரம், 340 என்பது 21 ஃபாரமும் 4 பக்கமும். டிஜிட்டலில் இது பெரிய விஷயமில்லை, பின்னால் ஆஃப்செட்டுக்குப் போனால் அந்த நாலு பக்கத்துக்காக ஒரு அரை ஃபாரம் ஓட்ட வேண்டியிருக்கும். இப்போதே 336-க்குள் அடக்குங்கள். அந்த 176-இல் தலைப்புப் பக்கம், பதிப்பு விவரம், முன்னுரை எல்லாம் சேர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். பெரும்பாலும் சேர்ந்திருக்காது.

மெய்ப்புதான் புனைவுக்கு உயிர்நிலை. எழுத்தாளர் தந்த மூலப் பிரதிகள் பழைய எழுத்துருவில் தட்டச்சாகி யூனிகோடுக்கு மாற்றப்பட்டவை என்றால், துணைக்கால் இருக்க வேண்டிய இடத்தில் 'ர' உட்கார்ந்திருக்கும். கண் இரண்டையும் ஒன்றாகவே படித்துக்கொண்டு போய்விடும். 'ஔ' என்ற ஒரே எழுத்து 'ஒ', 'ள' என்று இரண்டாக விழுந்திருக்கும். இவற்றைக் கண்ணால் தேடாமல் கணினியில் தேடுங்கள்: உயிர்மெய்க்குப் பின் 'ர' வந்து, சொல் பொருளற்று நிற்கும் இடங்கள் சிக்கும். பக்கம் வடிவமைக்கும் இன்டிசைன் மென்பொருளில், இந்திய எழுத்துகளைச் சரியாகக் கோக்கும் வேர்ல்டு-ரெடி கம்போசரைப் போடாவிட்டால் ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். வரி மடங்கும்போது அடுத்த வரி புள்ளி வைத்த எழுத்தில் தொடங்கக் கூடாது. மென்பொருள் இதைப் பார்த்துக்கொள்ளாது, பக்கம் பக்கமாக நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

இதைவிடப் பெரிய சேதம் நல்லெண்ணத்தால் வரும். உங்கள் பக்கத்துப் பேச்சு வழக்கில் எழுதிய உரையாடலை வெளியூர் மெய்ப்பாளரிடம் கொடுத்தால் 'அங்கிட்டு' 'அங்கே' ஆகும், 'வந்தாக' 'வந்தார்கள்' ஆகும், 'வெஞ்சனம்' பொரியலாகிவிடும். கொடுக்கும்போதே ஒரு தாளில், எழுத்தாளரோடு உட்கார்ந்து, எந்தப் பாத்திரம் எப்படிப் பேசும் என்று எழுதிக் கொடுங்கள். கிழவி 'அவுக' என்றால் கடைசி வரை 'அவுக'. பள்ளிக்கூடத்து வாத்தியார் 'அவங்க' என்றால் அப்படியே. எழுத்தாளரே பத்தாம் பக்கத்தில் ஒன்றும் தொண்ணூறாம் பக்கத்தில் வேறொன்றும் எழுதியிருப்பார். அதை மட்டும் சரிசெய்யச் சொல்லுங்கள்.

அட்டைக்கு 300 ஜிஎஸ்எம் (தாளின் கனம், சதுர மீட்டருக்கு இத்தனை கிராம்), பளபளப்பில்லாத மேட் லாமினேஷன் படலம். லாமினேஷன் வெளிப்புறம் மட்டும் இருப்பதால், ஐப்பசி மழையில் உள்பக்கத் தாள் ஈரம் குடித்து விரியும், படலம் விரியாது, அட்டை வெளிப்பக்கமாகச் சுருளும். தாளின் இழை ஓட்டம், அதாவது நார்கள் படுத்திருக்கும் திசை, முதுகுக்கு இணையாக இருக்க வேண்டும். அட்டைக்கு மட்டுமல்ல, உள்தாளுக்கும் இதைச் சொல்லி வாங்குங்கள், இல்லையென்றால் புத்தகம் விரித்த இடத்தில் நிற்காது. ஒரு மாதிரிப் பிரதி வாங்கி, நடுவில் நன்றாக விரித்து இரண்டு பக்கத்தைப் பிடித்து இழுத்துப் பாருங்கள். தாள் கையோடு வந்தால், முதுகைச் சுரண்டாமல் பசை போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

உள்தாள் 70 ஜிஎஸ்எம் போதும். டெமி என்ற வழக்கமான புத்தக அளவில் 176 பக்கம் அட்டையோடு சுமார் 205 கிராம் வரும். பழைய பதிவுப் புத்தக அஞ்சலை 2024 டிசம்பரில் நிறுத்திவிட்டார்கள். 2025 மே 1 முதல் ஞான் போஸ்ட் என்ற நூல் அஞ்சல் சேவை வந்திருக்கிறது: 300 கிராம் வரை 20 ரூபாய், 5 கிலோவுக்கு 100 ரூபாய், வரி தனி. தரைவழி என்பதால் மெதுவாகத்தான் போகும். 80 ஜிஎஸ்எம் போட்டு, கெட்டி அட்டையும் வைத்துக் கட்டினால் 300 கிராமை முட்டிவிடும். பதிப்பாளர் பெயரோ அச்சகத்தார் பெயரோ நூலில் அச்சாகியிருக்க வேண்டும். எந்த வகை நூல்களை ஏற்பார்கள் என்று முதல் கட்டு அனுப்பும் முன் உங்கள் அஞ்சலகத்தில் கேட்டுவிடுங்கள்.

ஐஎஸ்பிஎன் என்ற நூல் அடையாள எண் இலவசம், ராஜா ராம்மோகன் ராய் தேசிய ஐஎஸ்பிஎன் முகமையின் இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். அட்டை அச்சுக்குப் போன பிறகு எண் வந்தால் ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருப்பீர்கள். வெளியான 30 நாளுக்குள் கல்கத்தா தேசிய நூலகத்துக்கும் சென்னை கன்னிமாராவுக்கும் மும்பை, டெல்லி நூலகங்களுக்கும் ஒவ்வொரு பிரதி அனுப்புவது 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி கட்டாயம். அரசு நூலகங்களுக்கு நூல் வாங்கும் நூலக ஆணைக்கு விண்ணப்பியுங்கள், ஆனால் அந்தப் பணத்தை நம்பி அச்சகத்துக்குத் தேதி சொல்லாதீர்கள்.

வெளியீட்டுக்கு முன்பே பணம் வாங்கும் முன்வெளியீட்டுத் திட்டம் அறிவிப்பதாக இருந்தால் 25 சதவீதக் கழிவுக்கு மேல் போக வேண்டாம். அனுப்பும் தேதியை அச்சகம் சொன்ன நாளிலிருந்து பதினைந்து நாள் தள்ளிப் போடுங்கள். அட்டையும் பைண்டிங்கும் சிவகாசியில் என்றால் இன்னும் தள்ள வேண்டும். ஆடிப்பெருக்குக்குக் காலண்டர் மாதிரிகளின் ஆல்பம் வெளியிட்டதும் அங்கே காலண்டர் வேலை தொடங்கிவிடும், லட்சக்கணக்கில் ஆர்டர் வைத்திருப்பவர் 150 அட்டைக்காக மெஷினை நிறுத்த மாட்டார். ஆனி மாதத்திலேயே அட்டையைக் கொடுத்துவிடுங்கள்.