மருத்துவர் பதில்: ஹெரோயினைக் கைவிட உளவளத்துணை மட்டும் போதுமா?

கேள்வி: மதிப்புக்குரிய டொக்டர் அவர்களுக்கு, நாங்கள் புதுக்குடியிருப்புப் பகுதியைச் சேர்ந்தவர்கள். என் தம்பிக்கு 27 வயது. சிறுவயதில் செல் துண்டு பட்ட காலின் நோவுக்கென்று ட்ரமடோல் மாத்திரை எடுக்கத் தொடங்கியவன், இப்போது இரண்டு வருடங்களாக ஹெரோயின் பாவிக்கிறான். ஒருமுறை வீட்டிலேயே பத்து நாட்கள் வைத்து நிற்பாட்டினோம். ஒரு மாதத்துக்குள் மறுபடியும் தொடங்கிவிட்டான். மருந்து எதுவும் இல்லாமல் மூன்று மாத உளவளத்துணையால் மாற்றித் தருவோம் என்று ஓர் இல்லத்தார் சொல்கிறார்கள். மருந்து கொடுப்பது ஒரு போதைக்குப் பதில் இன்னொரு போதை என்கிறார் மாமா. நான் தேடிப் படித்தபோது, மருந்தோடு பேச்சுச் சிகிச்சையைச் சேர்த்தாலும் மேலதிகப் பயன் இல்லை என்று ஓர் ஆய்வுத் தொகுப்பு சொல்கிறது. உலக சுகாதார நிறுவனமோ இரண்டையும் சேர்த்துக் கொடுக்கச் சொல்கிறது. எதை நம்புவது? ஒரு கலியாணத்தைச் செய்து வைத்தால் திருந்திவிடுவான் என்று அம்மா நிற்கிறார். அதற்கும் ஒரு பதில் தாருங்கள். – ஒரு சகோதரி, முல்லைத்தீவு மாவட்டம்.

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் படித்த இரண்டும் சரியானவைதான். அவை ஒன்றையொன்று மறுப்பதுபோல் தோன்றுவதற்குக் காரணம், அவற்றுக்குள் வேறு வேறு கேள்விகள் இருப்பதுதான். சிகிச்சை ஆய்வு ஒன்றைக் கையில் எடுத்தால், அதன் முடிவைப் படிப்பதற்கு முன்னர், யாரை யாரோடு ஒப்பிட்டார்கள் என்று பார்க்க வேண்டும். மருந்தே இல்லாமல் பேச்சுச் சிகிச்சை மட்டும் போதுமா என்பது ஒரு கேள்வி. ஏற்கெனவே மருந்து எடுத்துக்கொண்டிருக்கும் ஒருவருக்குப் பேச்சுச் சிகிச்சையையும் சேர்த்தால் இன்னும் நன்மை உண்டா என்பது முற்றிலும் வேறான கேள்வி. உங்களிடம் பேசிய இல்லத்தார் தருவது முதலாவது கேள்விக்குரிய சிகிச்சை. நீங்கள் படித்த தொகுப்போ இரண்டாவதற்கு விடை சொல்கிறது.

முதலாவது கேள்விக்கு வருவோம். உலகெங்கும் நடந்த பரிசோதனைகளைத் திரட்டி எடைபோடும் கொக்ரேன் அமைப்பு, ஹெரோயின் போன்ற அபினி வகைப் பொருட்களுக்கு அடிமையானவர்களுக்குப் பேச்சுச் சிகிச்சையை மட்டும் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளை 2004இல் தொகுத்தபோது, தகுதியானவை என்று ஐந்தே ஐந்து ஆய்வுகள்தான் அகப்பட்டன. அவற்றில் பங்குபற்றியோர் 389 பேர். அதை வைத்துக்கொண்டு, பேச்சுச் சிகிச்சை மட்டும் போதும் என்று சொல்ல முடியாது என்பதே தொகுத்தவர்களின் முடிவு. இதைவிடத் தெளிவாக விடயத்தைக் காட்டுவது சுவீடனில் நடந்து 2003இல் லான்செற் சஞ்சிகையில் வெளியான ஒரு சிறிய ஆய்வு. ஹெரோயினுக்கு அடிமையான 40 பேரை எழுமாறாக இரு குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு, ஹெரோயினுக்குப் பதிலாக வைத்தியர்கள் தரும் பியூப்ரினோர்பின் என்ற மருந்து ஒரு வருடம் முழுவதும் நாள்தோறும் கொடுக்கப்பட்டது. மற்றக் குழுவுக்கு அதே மருந்து ஆறு நாட்களில் படிப்படியாகக் குறைக்கப்பட்டு, பின்னர் மருந்தில்லாத வெற்று மாத்திரை கொடுக்கப்பட்டது. இரண்டு குழுவினருக்கும் பேச்சுச் சிகிச்சை இருந்தது என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். மீண்டும் பாவனைக்குத் திரும்பாமல் இருப்பதற்கான அறிகை நடத்தைச் சிகிச்சையை, அதாவது எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பயிற்றும் பேச்சுச் சிகிச்சையை, குழுவாகப் பெற்றார்கள். வாரந்தோறும் தனித்தனியே ஆலோசனையும் நடந்தது. சிறுநீர்ப் பரிசோதனையும் ஒழுங்காக இருந்தது. நம் பகுதியில் எந்த இல்லமும் தரக்கூடியதைவிடக் குறைவான பேச்சுச் சிகிச்சை அல்ல இது. ஒரு வருட முடிவில், மருந்து பெற்ற குழுவில் 75 வீதமானோர் சிகிச்சையில் நிலைத்திருந்தார்கள். வெற்று மாத்திரைக் குழுவில் ஒருவர்கூட நிலைக்கவில்லை. அந்த 20 பேரில் நால்வர் இறந்துபோனார்கள். நாற்பது பேர் என்பது சிறிய எண்ணிக்கைதான். ஆனாலும், நல்ல பேச்சுச் சிகிச்சை இருந்தால் மருந்து தேவையில்லை என்று சொல்பவர்கள் இந்த நான்கு மரணங்களுக்கு ஒரு விளக்கம் தர வேண்டும்.

அந்த விளக்கம் உடலின் இயல்பில் இருக்கிறது. நாள்தோறும் ஹெரோயின் எடுப்பவரின் உடல் மெல்ல மெல்ல அதைத் தாங்கப் பழகிவிடுகிறது. நிற்பாட்டிய சில நாட்களிலேயே இந்தத் தாங்குதிறன் குறையத் தொடங்கும். ஆசையோ அவ்வளவு விரைவில் குறைவதில்லை. பத்து நாட்களோ மூன்று மாதமோ கழித்து, பழைய நினைப்பில் பழைய அளவை எடுக்கும்போது மூச்சு அடங்கிவிடுகிறது. வீட்டில் நீங்கள் பத்து நாட்கள் வைத்திருந்து, பிறகு அவர் மறுபடி தொடங்கிய அந்த முதல் நாள், கடந்த இரண்டு வருடங்களிலேயே அவருக்கு மிகவும் ஆபத்தான நாட்களில் ஒன்றாக இருந்திருக்கும். உங்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. வேறு வழி காட்ட யாரும் இல்லாதபோது குடும்பங்கள் செய்வதைத்தான் நீங்களும் செய்தீர்கள். 2017இல் பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகையில் வெளியான ஒரு தொகுப்பு, பியூப்ரினோர்பினைப் போலவே பயன்படும் மெதடோன் என்ற மருந்துச் சிகிச்சை தொடர்பாக மட்டும் ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோரின் பதிவுகளைப் பார்த்தது. சிகிச்சையில் இருக்கும் காலத்தில் 1000 பேருக்கு வருடத்துக்கு ஏறத்தாழ 11 பேர் இறந்தார்கள். சிகிச்சையை விட்டு வெளியேறிய காலத்தில் அது ஏறத்தாழ 36 ஆயிற்று. வெளியேறிய முதல் நான்கு வாரங்களே மிகவும் ஆபத்தானவை. நம் பக்கத்தில் இதோடு இன்னொன்றும் சேர்கிறது. நரம்பு நோவுக்குத் தரப்படும் பிரிகபலின் மாத்திரையை ஹெரோயினுடனோ ட்ரமடோலுடனோ கலந்து எடுக்கும் இளைஞர்கள் இருக்கிறார்கள். அது அபினி வகையைச் சேர்ந்ததல்ல என்றாலும், அவற்றோடு சேரும்போது மூச்சை மேலும் அடக்கும். தம்பி அதையும் எடுக்கிறாரா என்று, கோபப்படாமல், கேட்டறியுங்கள்.

இனி இரண்டாவது கேள்வி. நீங்கள் படித்தது 2011இல் வெளியான கொக்ரேன் தொகுப்பாக இருக்க வேண்டும்: 35 ஆய்வுகள், 4319 பங்குபற்றுநர்கள், பதின்மூன்று வகையான பேச்சு மற்றும் நடத்தைச் சிகிச்சைகள். மெதடோன், பியூப்ரினோர்பின் போன்ற மருந்துகளைத் தொடர்ந்து பெறுவோருக்கு இவற்றைச் சேர்த்தபோது, சிகிச்சையில் நிலைத்திருப்பதிலோ போதைப்பொருள் பாவனையிலோ குறிப்பிடத்தக்க மேலதிகப் பயன் தெரியவில்லை. இதைப் பேச்சால் பயனில்லை என்று வாசித்துவிடக் கூடாது. அந்த ஆய்வுகளில் மருந்து மட்டும் பெற்ற குழு என்று சொல்லப்பட்டோர், மருந்தை வாங்கிக்கொண்டு பேசாமல் வீடு சென்றவர்கள் அல்லர். பெரும்பாலும் அவர்களுக்கும் வழமையான ஆலோசனை இருந்தது. ஒரு வைத்தியரோ தாதியோ அவர்களை ஒழுங்காகச் சந்தித்து, தூக்கம் எப்படி, வேலை எப்படி, மீண்டும் எடுத்தீர்களா என்று விசாரித்தார்கள். அந்தச் சாதாரணப் பேச்சுக்கு மேலே, கூடுதலாக ஒரு முறைசார்ந்த சிகிச்சையைச் சேர்த்தபோதுதான் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. அமெரிக்காவில் 653 பேரோடு நடந்து 2011இல் வெளியான ஆய்வும் இதையே காட்டியது: வைத்தியரின் ஒழுங்கான சந்திப்பு பெற்றவர்களுக்கும், அதோடு போதைப்பொருள் ஆலோசனையும் பெற்றவர்களுக்கும் வேறுபாடு இல்லை. ஆனால், பியூப்ரினோர்பின் எடுத்துக்கொண்டிருந்தபோது அவர்களில் பாதிப்பேரளவில் நன்றாக இருந்தார்கள். அதைக் குறைத்து நிறுத்திய எட்டு வாரங்களில் அது 9 வீதத்துக்கும் கீழே போனது.

பேச்சை ஏறக்குறைய முழுமையாக அகற்றிவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு 1993இல் வெளியான, அமெரிக்கப் படைகளில் முன்னர் பணியாற்றிய 92 பேரை வைத்துச் செய்த ஆய்வைப் பார்க்கலாம். எல்லோருக்கும் போதுமான மெதடோன் கிடைத்தது. மருந்தோடு மிகக் குறைந்த கவனிப்பே பெற்றவர்களில் 69 வீதமானோரை, பாவனை குறையாததாலும் நெருக்கடிகளாலும், அந்த ஏற்பாட்டிலிருந்து மாற்ற வேண்டியதாயிற்று. ஆலோசனையும் பெற்றவர்களில் அந்த நிலைக்கு வந்தவர்கள் 41 வீதம். ஆலோசனையோடு குடும்பச் சிகிச்சை, வேலை உதவி, வைத்திய உதவி எல்லாம் பெற்றவர்களில் 19 வீதம். ஆகவே என் மதிப்பீடு இதுதான்: மருந்து சிகிச்சையின் தூண், ஒழுங்கான, மரியாதையான ஒரு மனித உரையாடல் அதோடு இருக்கவே வேண்டும், அந்த உரையாடலுக்கு எந்தச் சிகிச்சை முறையின் பெயர் இருக்கிறது என்பது அவ்வளவு முக்கியமில்லை. உலக சுகாதார நிறுவனம் 2009இல் வெளியிட்ட வழிகாட்டலின் தலைப்பே, உளசமூக உதவியுடன் கூடிய மருந்துச் சிகிச்சை என்றுதான் அமைந்திருக்கிறது. உளசமூக உதவியை எல்லோருக்கும் வழங்க முன்வரச் சொல்லும் அதே வழிகாட்டல், ஒருவர் அதை ஏற்காவிட்டால் அதற்காக மருந்தை மறுக்கக் கூடாது என்றும் சொல்கிறது. உளவளத்துணையாளர்கள் எண்ணிக்கையில் குறைந்த வன்னிக்கு இது மிகவும் பொருத்தமான வார்த்தை.

அப்படியானால் உளவளத்துணை எங்கே கட்டாயம் உதவும்? சிகிச்சை வழிகாட்டல்களை வெளியிடும் பிரித்தானியாவின் நைஸ் நிறுவனம் 2007இல், மெதடோன் போன்ற மருந்தைத் தொடர்ந்து பெறுவோருக்குப் போதைப் பாவனையைக் குறிவைக்கும் அறிகை நடத்தைச் சிகிச்சையை வழமையாகக் கொடுக்க வேண்டாம் என்று சொன்னது. ஆனால் அவருக்கு மனச்சோர்வோ பதகளிப்போ கூடவே இருந்தால், அதற்குரிய பேச்சுச் சிகிச்சையைக் கொடுக்கும்படி அதே ஆவணம் சொல்கிறது. நமக்கு இந்த இரண்டாம் பகுதிதான் பெரிது. போர் முடிந்த காலத்தில் யாழ் மாவட்டத்தில் செய்யப்பட்டு 2011இல் வெளியான ஓர் ஆய்வில், இடம்பெயர்ந்த நிலையில் இருந்தவர்களில் ஏறத்தாழ 42 வீதமானோரிடம் மனச்சோர்வின் குறிகள் காணப்பட்டன. உங்கள் தம்பி 2009இல் சிறுவன். காலில் துண்டு இருக்கிறது. இரவில் திடுக்கிட்டு விழிக்கிறாரா, சில இடங்களையும் சத்தங்களையும் தவிர்க்கிறாரா, எதிலும் பற்றில்லாமல் இருக்கிறாரா என்று யாராவது கேட்டார்களா? கேட்காவிட்டால், ஹெரோயினைப் பற்றி எத்தனை மணிநேரம் அறிவுரை சொன்னாலும் அவர் எதற்காக அதை நாடுகிறார் என்பது தொடப்படாமலே இருக்கும். கால் நோவும் அப்படித்தான். அதற்குத் தனியாகச் சிகிச்சை வேண்டும். சிகிச்சைக்கு வரவே தயங்குபவரிடம், குற்றம் சாட்டாமல், அவருடைய வாயாலேயே மாற்றத்துக்கான காரணங்களைச் சொல்லவைக்கும் ஊக்கமூட்டும் நேர்காணல் முறை பயன்படலாம். ஐஸ் போதைப்பொருளும் சேர்ந்திருந்தால், சுத்தமான சிறுநீர்ப் பரிசோதனைக்குச் சிறு வெகுமதி வழங்கும் முறைக்கு நல்ல சான்று உண்டு. மெதடோன் பெறுவோரிடமும் அது ஐஸ் போன்ற ஊக்கிகளின் பாவனையைக் குறைத்திருக்கிறது.

மாமாவின் சொல்லுக்கு மறுமொழி சுருக்கமானது. ஹெரோயின் விரைவாக ஏறி விரைவாக இறங்கும். இறங்கும்போது வரும் உடல் நோவும் பேதியும் நடுக்கமும் அவரை மீண்டும் தேடி ஓடவைக்கும். பியூப்ரினோர்பினோ மெதடோனோ மெதுவாக ஏறி நீண்ட நேரம் ஒரே நிலையில் நிற்கும். சரியான அளவில் எடுப்பவர் வேலைக்குப் போகலாம், மோட்டார் சைக்கிளுக்குத் தவணை கட்டலாம், யாரிடமும் களவாகக் காசு எடுக்கத் தேவையில்லை. உடல் ஒரு மருந்தில் தங்கியிருப்பது உண்மை. வாழ்க்கை அதன் பின்னால் ஓடுவதில்லை என்பதும் உண்மை. ஒன்றை மட்டும் எச்சரிக்கிறேன்: இந்த மருந்துகளை வெளியில் வாங்கிக் கொடுக்காதீர்கள். ஹெரோயின் உடலில் இருக்கும்போதே பியூப்ரினோர்பினைக் கொடுத்தால், நிற்பாட்டும்போது வரும் துன்பம் அனைத்தும் ஒரே மணித்தியாலத்துக்குள் கடுமையாக வரும்.

செய்ய வேண்டியது: மாஞ்சோலையில் உள்ள மாவட்ட பொது வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்கு அவரை அழைத்துச் செல்லுங்கள், ஊருக்குத் தெரிந்துவிடும் என்ற பயம் இருந்தால் கிளிநொச்சிக்கோ வவுனியாவுக்கோ போகலாம். எந்த மருந்து இப்போது கிடைக்கிறது, எங்கே அனுப்புவார்கள், கிளினிக் எந்த நாட்களில் என்று நேராகக் கேளுங்கள். தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் ஆலோசனை இலக்கம் 1927. உளநலத்துக்கான இலக்கம் 1926. அந்த இல்லத்தாரிடமும் பேசத்தான் வேண்டும்: வைத்தியர் ஒருவர் நேரில் பார்ப்பாரா, மருந்தில் இருப்பவரை ஏற்பீர்களா, மூன்று மாதம் முடிந்து வீடு திரும்பிய பிறகு அவரை யார் பின்தொடர்வது, அடிப்பதோ பூட்டி வைப்பதோ உண்டா என்று கேளுங்கள். மருந்தை ஏற்காத இல்லம் என்றால் நான் அனுப்பமாட்டேன். வீட்டில் எப்போதாவது அவர் எழுப்பியும் எழும்பாமல், உதடு நீலம் பாரித்து, மூச்சு விட்டு விட்டு வந்தால், தூங்கட்டும் என்று விடாதீர்கள். 1990க்கு அழையுங்கள், மூச்சு இருந்தால் பக்கவாட்டில் திருப்பிப் படுக்க வையுங்கள், மூச்சு நின்றால் செயற்கைச் சுவாசம் கொடுங்கள். அம்புலன்ஸில் வருபவரிடம் ஹெரோயின் எடுத்தவர் என்பதை மறைக்காமல் சொன்னால்தான், அதை முறிக்கும் நாலொக்சோன் மருந்தை அவருக்குக் காலத்தில் கொடுக்க முடியும்.

அம்மாவின் கலியாண யோசனையைப் பற்றி: தம்பதியரைச் சேர்த்து அமர்த்திச் செய்யும் சிகிச்சையை நைஸ் நிறுவனம் பரிந்துரைக்கிறது. அது போதைப்பொருள் பாவிக்காத துணையோடு ஏற்கெனவே வாழ்பவர்களுக்கானது; சிகிச்சைக்கென்று ஒரு பெண்ணைத் தேடிக் கொண்டுவருவதற்கானது அல்ல. தம்பி மருந்தில் நிலைத்து, வேலை ஒன்றில் இருந்து, குறைந்தது ஒரு வருடமாவது கழிந்த பிறகு அந்தப் பேச்சை எடுங்கள். அப்போதும் பெண் வீட்டாரிடம், அந்தப் பெண்ணிடமும், நடந்ததையும் எடுக்கும் மருந்தையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.