இக்ரா பாசிட்டிவ், எக்ஸ்ரே சுத்தம்: அடுத்து என்ன?

கேள்வி: வேலையில் சேர எடுத்த பரிசோதனையில், காசநோய்க் கிருமித் தொற்றைக் காட்டும் இக்ரா ரத்தப் பரிசோதனை எனக்கு பாசிட்டிவ். இருமல், காய்ச்சல் இல்லை, எக்ஸ்ரேயும் சுத்தம். ரத்தத்தில் எபிஜெனெடிக் மாற்றங்களைப் பார்த்தே காசநோய் தீவிரமா, மறைநிலையா என்று சொல்லிவிடலாமாமே. அந்த டெஸ்ட்டை எடுக்கலாமா, டாக்டர்?

பதில்: அது இன்னும் ஆராய்ச்சிக்கூடத்தைத் தாண்டவில்லை. யாராவது எடுத்துத் தருகிறோம் என்றால் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

உங்கள் சந்தேகம் நியாயமானதுதான். காசநோய்க் கிருமியின் புரதங்களை உங்கள் ரத்தத்தோடு சேர்த்து வைத்தால் டி செல்கள் என்ற எதிர்ப்பு வெள்ளணுக்கள் இன்டர்ஃபெரான் காமா என்ற சமிக்ஞைப் புரதத்தைச் சுரக்கின்றனவா என்று பார்ப்பதுதான் இக்ரா. கிருமிக்கும் அந்த செல்களுக்கும் பழக்கம் உண்டு என்பதோடு அது நின்றுவிடும். கிருமி அடங்கிக் கிடக்கிறதா, பெருகுகிறதா என்று சொல்லாது. தோலில் போட்டுப் பார்க்கும் மான்டோ ஊசியும் அப்படித்தான்.

எபிஜெனெடிக் ஆய்வு வேறு வழியில் போகிறது. மரபணுவின் எழுத்து மாறுவதில்லை. டிஎன்ஏவில் மீத்தைல் என்ற சிறு வேதிக்குழு ஒட்டுவதும் விலகுவதும் மரபணுவின் வேலையைக் கூட்டிக் குறைக்கின்றன. காசநோய்க் கிருமி இதிலேயே கைவைக்கிறது. அது வெளியிடும் சில புரதங்கள், தான் புகுந்த செல்லின் உட்கருவுக்கே போய், எதிர்ப்பு மரபணுக்களை அடக்குகின்றன. பலே கில்லாடிதான்! அந்தச் சுவடு ரத்த வெள்ளணுக்களில் தெரியுமா என்பதே தேடல்.

ஆனால் வயது, புகைப்பழக்கம், சர்க்கரை நோய் எல்லாமே மீத்தைல் அடையாளங்களை மாற்றும். தீவிர நோயில் வெள்ளணுக்களின் விகிதமும் மாறும். நாம் பார்ப்பது கிருமியின் சுவடா, செல்களின் கலவையா என்று பிரிக்க வேண்டும். போதாததற்கு, சிகிச்சை முடிந்த பிறகும் சில அடையாளங்கள் நீடிக்கின்றன.

சரி, இப்போது என்ன செய்வது? எடை குறைவு, இரவு வியர்வை, கழுத்தில் கட்டி உண்டா என்று உங்கள் மருத்துவர் கேட்பார். சந்தேகம் இருந்தால் சளிப் பரிசோதனையும் செய்வார். இதை அவசரமாகத் தாண்டக் கூடாது. தீவிர நோய்க்குத் தடுப்பு மருந்தை மட்டும் கொடுத்தால் கிருமி அந்த மருந்துக்கே அடங்காமல் போகலாம்.

எதுவும் இல்லையென்றால் அது மறைநிலைதான். அப்படிப்பட்டவர்களில் 5 முதல் 10 சதவீதம் பேருக்கே வாழ்நாளில் நோயாக மாறும். எச்ஐவி இருந்தாலோ, எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மருந்து எடுத்தாலோ ஆபத்து அதிகம். வாரம் ஒருமுறை ஐசோனியாசிட், ரிஃபாபென்டின் என 12 வாரத் தடுப்பு சிகிச்சை இருக்கிறது. கல்லீரல் கோளாறோ மதுப் பழக்கமோ இருந்தால் ஆரம்பிக்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.