தரம் 8 பிள்ளைகளுக்கு 20 மீற்றர் ஓட்டப் பரிசோதனை: சென்ற தவணைப் பெறுபேறும் இந்தத் தவணைப் பெறுபேறும் ஏன் இவ்வளவு மாறுகின்றன?

பெரும்பாலும் பிழை பிள்ளையிடம் இல்லை, நடத்திய விதத்தில்தான். இது ஒரே மூச்சில் ஓடும் 20 மீற்றர் ஓட்டம் அல்ல: 20 மீற்றர் இடைவெளியுள்ள இரு கோடுகளுக்கிடையே, ஒலிப்பதிவில் வரும் 'பீப்' ஒலிக்கு ஏற்பப் பிள்ளைகள் திரும்பத் திரும்ப ஓடுவார்கள்; ஏறத்தாழ நிமிடத்துக்கு ஒரு நிலையாக வேகம் கூடும்.

முதலில் தூரம். காலடியால் அளக்காதீர்கள், நாடா பிடியுங்கள். 19 மீற்றராகப் போனால் ஒவ்வொரு ஓட்டமும் 5 சதவீதம் இலகுவாகிவிடும். கோட்டுக்கு அப்பால் திரும்ப 2 மீற்றராவது வெறுமையாக இருக்க வேண்டும், சுவர் கூடாது.

அடுத்தது ஒலிப்பதிவு. ஒரு வகை மணிக்கு 8.5 கிலோமீற்றரில் தொடங்கி நிமிடத்துக்கு 0.5 கூடும். இன்னொரு வகை 8இல் தொடங்கி, இரண்டாம் நிலையிலேயே 9க்குத் தாவும். இரண்டையும் கலந்து ஒப்பிட்டால் கணக்கு நிற்காது. ஒலிபெருக்கி கடைசிப் பிள்ளைக்கும் கேட்கிறதா பாருங்கள்.

கொழும்பு வெக்கையும் புழுக்கமும் பெரிய விஷயம். காலை 7.30க்கு ஓடியவரை 11 மணிக்கு ஓடியவரோடு ஒப்பிடவே கூடாது. மழை பெய்த புல்தரையில் திரும்பும்போது சறுக்கும், அன்று ஒத்திவையுங்கள்.

பத்துப் பேராக ஓடவிட்டு, ஆளுக்கொரு பதிவாளரை நிறுத்துங்கள். தொடர்ந்து இரு தடவை ஒலிக்கு முன் கோட்டைத் தொடாவிட்டால் நிறுத்தம். கடைசியாக முடித்த நிலையை எழுதுங்கள்.

ஆஸ்துமா உள்ள பிள்ளையின் இன்ஹேலர் வகுப்பறைப் பையில் அல்ல, கோட்டருகில் இருக்க வேண்டும். காலைச் சாப்பாடில்லாமல் வந்த பிள்ளையை ஓடவிடாதீர்கள். நிறையையும் பெறுபேற்றையும் எல்லோர் முன்னும் வாசிக்கவே வேண்டாம். வெட்கப்பட்ட பிள்ளை அடுத்த தடவை பாடசாலைக்கே வராது.