முழு நிரலையும் ஓட்டாமல் ஒரு வரியை மட்டும் சோதிப்பது எப்படி?

ஏற்காட்டுக் காபி மூட்டைக் கணக்குக்குப் பைத்தான் 3 என்ற நிரல்மொழியில் நிரல் எழுதினால், 50 கிலோ மூட்டை மூன்றுக்கு 150 வராமல் 505050 வருகிறது என்கிறீர்கள். சரி, நிரலை மறுபடி மறுபடி ஓட்டாதீர்கள். டெர்மினலில், அதாவது கட்டளை தட்டும் விண்டோவில், பைத்தானை மட்டும் திறங்கள். >>> என்று காத்திருக்கும்.

50 * 3 என்று தட்டுங்கள்: 150. அப்புறம் '50' * 3 தட்டுங்கள்: '505050'. பிடிபட்டதா? நிரலில் input() வாங்கித் தருவது எப்போதும் எழுத்துச் சரம்தான் (மேற்கோள் குறிக்குள் வரும் எழுத்துகள்), எண் அல்ல. அதைத்தான் மூன்று முறை ஒட்டிக் காட்டுகிறது. அதை int() அடைப்புக்குள் போட்டு எண்ணாக்குங்கள்.

முந்தைய விடை மறுபடி வேண்டுமா? அங்கேயே _ (அடிக்கோடு) தட்டினால் போதும்.

விண்டோவை மூடினால் மாறிகளெல்லாம் போய்விடும். சரியாக ஓடிய வரியை உடனே கோப்பில் ஒட்டிவிடுங்கள். சேலத்தில் கரண்ட் போன ஒரு மத்தியானம் நான் பட்டது போதும்.