போன் பார்த்துக்கொண்டே வண்டி ஓட்டுபவர்கள் நடுவே தினமும் சைக்கிளில் வேலைக்குப் போகிறேன். எப்படிப் பாதுகாப்பாக இருப்பது?

நானும் சென்னையில் சைக்கிளில்தான் அலுவலகம் போகிறேன். வண்டியை மட்டும் பார்க்காமல் ஓட்டுபவரின் தலையைப் பாருங்கள், முதலில் சொல்ல நினைப்பது இதைத்தான். தலை குனிந்து குனிந்து நிமிர்கிறதா, ஹெல்மெட்டுக்குள் போன் செருகியிருக்கிறதா, வண்டி மெல்ல ஒரு பக்கம் ஒதுங்கிச் சட்டென்று நேராகிறதா? அப்படியென்றால் உங்களை அவர் பார்க்கவில்லை. முன்னால் போக விட்டுவிடுங்கள். 60 கிலோமீட்டர் வேகத்தில் ஐந்து நொடி திரையைப் பார்த்தால் வண்டி 83 மீட்டர் ஓடிவிடும்.

அதிகம் பயப்பட வேண்டிய இடம் சிக்னல். சிவப்பு விழுந்ததும் எல்லோர் கையிலும் போன். பச்சை விழுந்து பின்னால் ஹாரன் அடித்ததும் அதைப் போட்டுவிட்டு ஒரே விருட்டென்று கிளம்புகிறார்கள். கண் சாலைக்கு வந்துவிடும், கவனம் வராது. அமெரிக்காவில் யூட்டா பல்கலைக்கழகத்தின் டேவிட் ஸ்ட்ரேயர் குழு 2015இல் வெளியிட்ட ஆய்வில், கார்களிலும் போன்களிலும் குரல் கட்டளை கொடுத்து முடித்த பிறகும் 27 நொடி வரை கவனச்சிதறல் நீடித்தது. 40 கிலோமீட்டர் வேகத்தில் அது 300 மீட்டர். அதனால் நான் சிக்னலில் கார்களுக்கு இடது ஓரம் இடுக்கில் நிற்பதே இல்லை. இண்டிகேட்டர் போடாமல் லெஃப்ட் எடுத்தால் நசுங்குவது நாம்தான். ஒன்று, ஓட்டுநர் கண்ணில் படும்படி அவருக்கு முன்னால். இல்லையென்றால் முழுக்கப் பின்னால்.

ப்ளூடூத்தில் பேசுபவர் கை ஸ்டியரிங்கில் இருக்கிறதே என்று நம்பிவிடாதீர்கள். மனம் அழைப்பில் இருக்கும்போது நேரே பார்த்தும் எதிரில் இருப்பது மனதில் பதியாமல் போவது நடக்கிறது.

சட்டம் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு, போனைக் கையில் வைத்துக்கொண்டு ஓட்டினால் முதல் முறையே 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை, அல்லது இரண்டும். வழி பார்க்க மட்டும், கவனம் சிதறாமல் பயன்படுத்த 2020 விதித் திருத்தம் அனுமதிக்கிறது. டெலிவரி தம்பிகளின் ஹேண்டில்பாரில் போன் இருப்பது அதனால்தான். ஓடும் வண்டியிலேயே அடுத்த ஆர்டரை ஏற்க வைக்கும் ஏற்பாட்டைத்தான் முதலில் மாற்ற வேண்டும் என்பது என் கருத்து.

அப்புறம், நிறுத்தியிருக்கும் கார்களிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி ஓட்டுங்கள். பேசிக்கொண்டே கதவைத் திறப்பவர் பின்னால் பார்ப்பதில்லை. பகலிலும் பின் விளக்கு எரியட்டும். ஒளிரும் பட்டையைக் கணுக்காலில் கட்டுங்கள். பெடலோடு ஏறி இறங்குவதால் மனிதர் போகிறார் என்று தூரத்திலேயே தெரியும்.

உங்கள் காதில் இயர்போன் வேண்டாம், ஒரு காதில்கூட. பின்னால் வேகம் குறையாமல் நெருங்கும் வண்டியைக் காதுதான் முதலில் சொல்லும். மின்சார ஸ்கூட்டருக்கு அந்தச் சத்தமும் குறைவு. அதனால் ஹேண்டில்பாரின் வலப்பக்கம் சின்னக் கண்ணாடி ஒன்று மாட்டிக்கொள்ளுங்கள். குழியைத் தவிர்க்க வலது பக்கம் ஒதுங்கும் முன் ஒவ்வொரு முறையும் அதைப் பாருங்கள்.