ரஃபியாவும் வேலைக்குத்தான் போகிறாள்

அன்புள்ள அக்கா,

பாகிஸ்தான் தொலைக்காட்சி நாடகங்களைப் பற்றி எழுதியபோது ‘ஸிந்தகி குல்ஸார் ஹை’யை மிகவும் பாராட்டியிருந்தீர்கள். தங்கையின் பிரசவத்துக்காக ஷார்ஜா போயிருந்தேன். ராத்திரி முழுக்கக் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு விழித்திருக்க வேண்டியிருந்தது. அந்தச் சாக்கில் 26 பகுதிகளையும் பார்த்துவிட்டேன். உருது தெரியாது, சப்டைட்டில் புண்ணியம்.

பார்க்கும்போது பிடித்திருந்தது. முடித்தபிறகுதான் எரிச்சல் வந்தது. ரஃபியா, கதாநாயகி கஷஃபின் அம்மா. ஆண் வாரிசு வேண்டும் என்று புருஷன் இன்னொருத்தியைக் கட்டிக்கொண்டு போன பிறகும் வாயைத் திறக்காமல் மூன்று பெண்களையும் வீட்டையும் பார்த்துக்கொள்கிறாள். அவள் பெண்கள் மூன்றும் தங்கம். கஸாலா, கதாநாயகன் ஸாரூனின் அம்மா. பணக்காரி, வேலை, கூட்டம், விருந்து என்று வெளியிலேயே இருக்கிறாள். அவள் மகன் மனக்கசப்போடு வளர்கிறான், மகள் விவாகரத்து வாங்கிக்கொண்டு திரும்பி வருகிறாள். வேலைக்குப் போகும் அம்மா பிள்ளைகளைக் கெடுத்துவிடுவாள் என்பதுதானே இந்த நாடகம் சொல்வது? நானும் வங்கியில் வேலை பார்க்கிறவள். இரண்டு பெண்கள், பெரியவள் பத்தாவது. இதை எப்படிப் பாராட்டினீர்கள்? இதை அவளுக்குக் காட்டலாமா?

அன்புடன்,
ச., திருச்சி

அன்புள்ள ச.,

எரிச்சல் நியாயமானது, அதில் பாதி எனக்கும் உண்டு. ஆனால் உங்கள் கணக்கில் ஓர் ஆள் விட்டுப்போயிருக்கிறார். ரஃபியாவும் வேலைக்குத்தான் போகிறாள். பள்ளிக்கூடத்தில் வேலை, வீட்டுக்கு வந்தால் சாயங்காலம் ட்யூஷன் பிள்ளைகள். உழைக்கும் நேரத்தைக் கூட்டிப் பார்த்தால் கஸாலா கிட்டவே வர முடியாது. ஆனாலும் அவள் உங்கள் நினைவில் வீட்டைப் பார்த்துக்கொள்கிற அம்மாவாகவே தங்கியிருக்கிறாள். உங்களைக் குறை சொல்லவில்லை. நாடகம் அவளை அப்படித்தான் காட்டுகிறது. ரஃபியாவாக நடித்த சமீனா பீர்ஸாதா அந்தத் துப்பட்டாவைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு, சோர்வே தெரியாமல் அடுப்படிக்கும் கூடத்துக்கும் நடக்கும்போது அவள் சம்பளக்காரி என்பதே நமக்கு மறந்துபோகிறது.

ஒருத்தி மன்னிக்கப்படுகிறாள், இன்னொருத்தி குற்றவாளிக் கூண்டில் நிற்கிறாள். ஏன்? ரஃபியாவின் சம்பளம் ரொட்டிக்கும் கரண்ட் பில்லுக்கும் பெண்களின் ஃபீஸுக்கும் போகிறது. கஸாலாவுக்குப் பணத்தேவை இல்லை, வேலை அவளுக்குப் பிடித்திருக்கிறது, அவ்வளவுதான். ஆசைப்பட்டு வேலைக்குப் போகிறவளைத்தான் இந்த நாடகம் தண்டிக்கிறது, கஷ்டத்துக்குப் போகிறவளைக் கும்பிடுகிறது. நம் ஊர்க் கல்யாணப் பேச்சுகளிலும் இதே தராசுதான் என்பது உங்களுக்குத் தெரியாததில்லை.

இந்த இடத்தில் நான் நாடகத்தோடு சண்டை போடுகிறேன். ஆனால் அம்மாக்களைப் பற்றி அல்ல, ஜுனைதைப் பற்றி. ஸாரூனின் அப்பா. ஜாவேத் ஷேக் நடித்திருப்பார். நல்ல மனிதர், சிரித்த முகம், மருமகளிடம் அத்தனை அன்பு. சிறுவயதில் அம்மா வீட்டில் இல்லை என்று ஸாரூன் வளர்ந்தபிறகும் பொருமிக்கொண்டே இருக்கிறானே, அப்போது அப்பா எங்கே இருந்தார்? அந்தக் கேள்வியை ஸாரூன் கேட்பதில்லை, கஸாலா கேட்பதில்லை, எழுதியவரும் கேட்பதில்லை. கஷஃபின் அப்பா முர்தஸா ஓடிப்போனவர், அதனால் கண்ணுக்குத் தெரிகிறார். ஜுனைத் வீட்டோடு இருந்தே தப்பித்துக்கொள்கிறார். பிள்ளை வளர்ப்பைப் பற்றிய நாடகம் இது என்றால், அதில் வளர்த்த அப்பா என்று ஒருவர்கூட இல்லை.

முர்தஸாவைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். பாகிஸ்தானில் முதல் மனைவி இருக்கும்போது இன்னொரு கல்யாணம் செய்ய வேண்டுமானால், 1961ஆம் ஆண்டின் முஸ்லிம் குடும்பச் சட்ட ஆணைப்படி நடுவர் குழுவிடம் எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும். முதல் மனைவியின் சம்மதம் இருக்கிறதா என்றும் கேட்பார்கள். என்னென்ன காரணங்களைக் குழு கணக்கில் எடுத்துக்கொள்ளலாம் என்று விதிகள் சொல்கின்றன. மலட்டுத்தன்மை, உடல்நலக் குறைவு, மனநோய் என்று போகிறது அந்தப் பட்டியல். ஆண் குழந்தை பிறக்கவில்லை என்பது அதில் கிடையாது. அனுமதி இல்லாமல் கட்டினால் ஓராண்டுவரை சிறையோ, மூலச் சட்டத்தின்படி 5,000 ரூபாய்வரை அபராதமோ விதிக்கலாம். ஆனால் அந்தக் கல்யாணம் செல்லாது என்று சட்டம் சொல்லவில்லை. ஆக, ரஃபியா நீதிமன்றத்துக்குப் போயிருந்தாலும் அவளுக்குக் கிடைத்திருக்கக்கூடியது என்ன? சிறையிலிருந்து வெளியே வந்து மறுபடி இரண்டாம் மனைவி நிகார் வீட்டுக்கே போகிற ஒரு புருஷன். அவள் வாயைத் திறக்கவில்லை என்கிறீர்கள். எனக்கு அது கணக்குப் போட்டுப் பார்த்தவளின் மௌனமாகத்தான் படுகிறது.

அப்புறம், வாயைத் திறக்காத அந்த அம்மா எப்படிப்பட்ட பெண்ணை வளர்த்திருக்கிறாள் பாருங்கள். எனக்கு இந்த நாடகம் பிடித்ததற்கு முதல் காரணம் அதுதான். ரஃபியா பெண்களுக்குச் சொல்லிக்கொடுப்பதெல்லாம் பொறுமை, நன்றி, கடவுள்மேல் நம்பிக்கை. கஷஃப் கற்றுக்கொண்டது அதில் ஒன்றையும் அல்ல. ராத்திரி டைரியைத் திறந்துவைத்துக்கொண்டு கடவுளிடமே கணக்குக் கேட்கிறாள், எனக்கு மட்டும் ஏன் இப்படி என்று. ஸ்காலர்ஷிப்பில் பணக்காரப் பிள்ளைகளின் பல்கலைக்கழகத்துக்குப் போகிறாள், அங்கே யாரிடமும் குழைவதில்லை. அவளைக் காதலில் விழவைத்துக் காட்டுகிறேன் என்று ஸாரூன் நண்பர்களிடம் பீற்றிக்கொள்வது காதில் விழுந்ததும் அங்கேயே நின்று வாங்கு வாங்கென்று வாங்குகிறாள். கஷஃபாக நடித்த சனம் சயீதின் குரல் அந்தக் காட்சியில் உயர்வதைவிட நடுங்குவதுதான் அதிகம். பிறகு சிஎஸ்எஸ் தேர்வு எழுதி அதிகாரியாகிறாள். நம் ஐஏஎஸ் மாதிரி அங்கே அது. இதெல்லாம் அம்மா சொல்லி வந்ததா? அம்மா செய்ததைப் பார்த்து வந்தது. புருஷன் போன மறுநாளும் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிப் போன ஒருத்தியின் வீட்டில் வளர்ந்த பெண் வேறு எப்படி இருப்பாள்? ரஃபியா மகளின் கோபத்துக்குப் பதில் சொல்கிறாள், சமாதானம் சொல்கிறாள், ஆனால் அந்தக் கோபத்தை மிதித்து அணைப்பதில்லை. இது எவ்வளவு அரிது என்று பெண்களை வளர்க்கிற உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அந்தப் பக்கம் செல்லம் கொடுத்து வளர்த்த ஆண் வாரிசு ஹம்மாத் தறிகெட்டுப் போகிறான். கடைசியில் முர்தஸா தலைகுனிந்து நிற்பது வேண்டாமென்று விட்டுப்போன பெண்கள் முன்னால்தான். இது கொஞ்சம் சுலபமான பழிவாங்கல். எனக்குப் பெரிய மதிப்பில்லை.

இந்தப் பாடம் நடத்தும் வாசனை எங்கிருந்து வருகிறது என்றால், கதை பிறந்த இடத்திலிருந்து. எழுதிய உமைரா அகமத், பெண்களுக்கான உருது மாத இதழ்களில் எழுதி வளர்ந்தவர். கவாத்தீன் டைஜஸ்ட், ஷுவா என்று கராச்சியிலிருந்து வரும் இதழ்கள், தலைமுறை தலைமுறையாக வீட்டுப் பெண்கள் படிப்பவை. நம் ஊர் மாத நாவல்களைப் படித்து வளர்ந்தவர்களுக்கு அந்த உலகம் அந்நியமாக இருக்காது. பொறுத்தவள் கடைசியில் ஜெயிப்பாள், ஆடினவள் அடங்குவாள். அவருடைய நாவல்தான் நாடகமானது. இயக்கிய சுல்தானா சித்திக்கி ஹம் டிவியை நிறுவியவர், தயாரித்த மோமினா துரைத் அவருடைய மருமகள். மாமியாரும் மருமகளும் சேர்ந்து எடுத்த குடும்ப நாடகம் என்று நான் சிரித்துக்கொள்வதுண்டு. 2012 நவம்பரில் தொடங்கி 2013 மே மாதம் முடித்துவிட்டார்கள், வாரத்துக்கு ஒரு பகுதி. ஆயிரம் பகுதி இழுக்க வேண்டிய கட்டாயம் இல்லாததால் வில்லி தேவைப்படவில்லை, விஷம் வைக்கிற காட்சி தேவைப்படவில்லை. 2014இல் ஸிந்தகி சேனல் இந்தியாவில் தொடங்கி இதை ஒளிபரப்பியபோது நம் ஆட்கள் அசந்துபோனது இதைப் பார்த்துத்தான். 2016இல் காஷ்மீரின் உரி ராணுவ முகாம் தாக்குதலுக்குப் பிறகு அந்தச் சேனல் பாகிஸ்தான் நாடகங்களை நிறுத்திக்கொண்டது.

நீங்கள் சொன்ன, கஸாலாவின் மகள் சாராவின் விவாகரத்து விஷயத்தில் உங்கள் பக்கம்தான் நான். அந்தக் கல்யாணம் ஏன் முறிந்தது என்று பொறுமையாகக் காட்டியிருக்கலாம். கஸாலா வளர்த்த லட்சணம் என்று விரல் நீட்டுவதற்காகவே சாராவை வீட்டுக்குத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். ஸாரூனின் முதல் நிச்சயதார்த்தம் முறிவதும் கிட்டத்தட்ட அதே மாதிரிதான். அஸ்மாரா உடுத்துவதும் இரவில் ஊர் சுற்றுவதும் அவனுக்குப் பிடிக்கவில்லை. அவன் சுற்றுவது கணக்கில் வராது.

கல்யாணத்துக்குப் பிறகு வரும் பகுதிகளைப் பலர் ரசிப்பது ஸாரூனாக நடித்த ஃபவாத் கானின் சிரிப்புக்காக. அந்தச் சிரிப்பு நிறைய விஷயங்களை மூடிவிடுகிறது. தன் அம்மா தன் அப்பாவுக்குச் செய்யாத பணிவிடையெல்லாம் தன் மனைவி தனக்குச் செய்ய வேண்டும் என்று காத்திருந்தவன் அவன். அவளும் அலுவலகத்துக்குப் போகிறாள், கோப்புகள் பார்க்கிறாள், அவனுக்கும் எல்லாம் எடுத்துக்கொடுக்கிறாள். அவன் அகமகிழ்ந்து டைரி எழுதுகிறான். நண்பன் ஒஸாமா முன்பு அவளைப் பெண் கேட்டிருந்தது தெரிந்ததும் அதே ஸாரூன் சந்தேகத்தில் குதிக்கிறான். தான் அஸ்மாராவைச் சந்தித்ததை மட்டும் அவள் பெரிதுபடுத்தக் கூடாது. இருவருமே பிறந்த வீட்டில் பார்த்த பயத்தைத்தான் சீதனமாகக் கொண்டுவந்திருக்கிறார்கள்.

அது நன்றாகத் தெரிவது கஷஃப் கர்ப்பமாக இருக்கும்போது. வயிற்றில் இரட்டைக் குழந்தைகள், இரண்டும் பெண். படித்தவள், அதிகாரி, தன் பெயரைச் சொன்னால் ஆட்கள் எழுந்து நிற்கும் இடத்தில் இருப்பவள், அம்மாவுக்கு நடந்தது தனக்கும் நடந்துவிடும் என்று நடுங்குகிறாள். அந்த வீட்டில் யாரும் பையன் வேண்டும் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஸாரூனுக்கு அவள் பயமே புரியவில்லை, அவன் சந்தோஷத்தில் இருக்கிறான். முர்தஸா என்ற அப்பா பிள்ளையை ‘வளர்த்தது’ இதுதான், அருகில் இல்லாமலேயே. இந்த ஒரு இடத்துக்காக நான் மற்ற பாடங்களையெல்லாம் பொறுத்துக்கொள்கிறேன்.

பெரியவளுக்குக் காட்டலாமா? காட்டலாம், பரீட்சை முடியட்டும். கூட உட்கார்ந்து பாருங்கள். தான் நள்ளிரவில் வீடு திரும்பும் ஸாரூன், சாரா வெளியே போவதற்குக் கட்டுப்பாடு போடும் இடம் ஆரம்பப் பகுதிகளிலேயே வந்துவிடும். அங்கே அவள் யார் பக்கம் பேசுகிறாள் என்று கவனியுங்கள். நீங்கள் முந்திக்கொண்டு பேச வேண்டாம்.

நீங்கள் மட்டும் பார்க்க இன்னொன்று சொல்கிறேன். 2016இல் வந்த ‘உடாரி’. எழுதியவர் ஃபர்ஹத் இஷ்தியாக். சாஜிதா என்ற விதவை, மகளுக்கும் ஒரு ஆதரவாக இருக்கும் என்று நம்பி மறுமணம் செய்துகொள்கிறாள். அந்த மாற்றாந்தகப்பன்தான் சிறுமியைச் சீரழிக்கிறான். குழந்தைகள்மீதான பாலியல் வன்முறையை இவ்வளவு நேராகக் காட்டியதற்காக பாகிஸ்தானின் ஒளிபரப்பு ஒழுங்குமுறை ஆணையம் விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்பியது. நாடகம் நிற்கவில்லை. இங்கேயும் அதிகம் படிக்காத, ஏழை அம்மாதான். ஆனால் இவள் பொறுத்துப்போவதில்லை, புருஷனுக்கு எதிராக மகள் பக்கம் நிற்கிறாள். அஹ்சன் கானைக் கதாநாயகனாகப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அவர் இதில் அந்த மாற்றாந்தகப்பனாகச் செய்திருப்பது தூக்கத்தைக் கெடுக்கும். தங்கையின் கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு பார்க்காதீர்கள்.

அன்புடன்