அந்த முடிவைச் சொன்னது யார்?

கேள்வி: எனக்கு 37 வயது. சொந்த ஊர் திண்டுக்கல், வேலை பெங்களூரில். போன மாதம் ஒரு ராத்திரி தூக்கம் வராமல், சின்ன வயதில் கார்ட்டூன் நெட்வொர்க்கில் பார்த்த ஸ்கூபி-டூவைத் தேடிப் பிடித்துப் பார்த்தேன். ஒரு கர்னல் உயில் எழுதி வைத்துவிட்டுச் செத்துப்போவார், சொத்து வேண்டுமென்றால் சொந்தக்காரர்கள் பேய் பங்களாவில் ஒரு ராத்திரி தங்க வேண்டும். அந்தக் கதை. எட்டு, ஒன்பது வயதில் போர்வைக்குள் ஒளிந்துகொண்டு பார்த்தது. இப்போது துளி பயம் இல்லை. ஓடும்போது அதே சுவர், அதே ஜன்னல் திரும்பத் திரும்ப வருகிறது. பின்னால் யாரோ சிரித்துக்கொண்டே இருக்கிறார்கள். முடிவும் வேறு. கிடைத்த பணத்தை எல்லாரும் சமமாகப் பிரித்து நாய்க்கும் ஒரு பங்கு கொடுப்பதாகத்தான் எனக்கு நன்றாக ஞாபகம். (அப்போது எனக்கு இங்கிலீஷ் புரியாது, அக்காதான் கதை சொல்லுவாள். அவள் இப்போது தொடர்பில் இல்லை. அப்பா கட்டிய வீட்டுக்கு விடுதலைப் பத்திர நகலை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். பார்த்தாள், பதில் இல்லை. அவள் கல்யாணத்துக்கே அப்பா 40 பவுன் போட்டுவிட்டார். உயில்தான் எழுதவில்லை.) அன்றிலிருந்து மனசு வெறுமையாக இருக்கிறது. என் ஞாபகம் தப்பா? ஆறு வயதுப் பையனுக்கு இதைக் காட்டலாமா?
— பெயர் வேண்டாம், பெங்களூரு

பதில்:

தம்பி, இந்த மாதிரிக் கடிதம் எனக்கு மாதம் நாலு வருகிறது. அந்தக் காலத்துக் கமர்கட் இப்போது இனிக்கவில்லை, படித்த பள்ளிக்கூடம் சின்னதாகத் தெரிகிறது, பயந்த பேய் சிரிப்பாக இருக்கிறது. "எல்லாருக்கும் இப்படித்தான், மனசைத் தேற்றிக்கொள்ளுங்கள்" என்று நான் எழுதுவேன் என்று காத்திருப்பீர்கள். எழுதப் போவதில்லை.

கார்ட்டூன் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். என் பிள்ளைகளும் அதைப் பார்த்து வளர்ந்தவர்கள்தான். பகலெல்லாம் கார்ட்டூன், பொழுது சாய்ந்தால் அதே சேனலில் டிஎன்டி என்று பழைய இங்கிலீஷ் படம். ரிமோட்டுக்கு நடந்த அடிதடி தனிக் கதை. ஸ்கூபி-டூ அமெரிக்காவில் 1969 செப்டம்பரில் சிபிஎஸ் சேனலில் சனிக்கிழமைக் காலை நிகழ்ச்சியாக ஆரம்பித்தது. ஹன்னா-பார்பெரா நிறுவனம் டிவிக்காகச் சிக்கனமாகப் படம் வரைந்து பிழைத்த நிறுவனம். ஒரு சுவரை வரைந்தால் அதையே நாலு முறை ஓட்டுவார்கள். சிரிப்புச் சத்தம் பிறகு ஒட்டியது. குழந்தைகள் நிகழ்ச்சியில் அடிதடி ஜாஸ்தி என்று அங்கே பெற்றோர்கள் சண்டை பிடித்துக்கொண்டிருந்த நேரம் அது. அதனால் நாயையும் நாலு பிள்ளைகளையும் வைத்து, பயமும் சிரிப்புமாக ஒரு கதை பண்ணினார்கள். பேயின் முகமூடியைக் கழற்றினால் உள்ளே காசுக்கு ஆசைப்பட்ட மனுஷன் இருப்பான். உங்களுக்கு இப்போது பயம் வராததில் அதிசயமில்லை.

இனி உங்கள் விஷயம். கடிதம் முழுக்கச் சுவரும் ஜன்னலும். அக்கா மட்டும் அடைப்புக்குறிக்குள். விருந்தாளி வருகிற நேரத்தில் அழுக்குத் துணியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளுவது போலத் தள்ளியிருக்கிறீர்கள். நான் பெருக்குகிறவள், எனக்கு அதுதான் முதலில் கண்ணில் படும்.

நீங்கள் பார்த்தது 1970 ஜனவரியில் வந்த கதை. கர்னலின் பத்து லட்சம் டாலர் சொந்தக்காரர்கள் நாலு பேருக்கும், ஒரு காலத்தில் அவர் உயிரைக் காப்பாற்றிய ஸ்கூபி என்ற அந்த நாய்க்கும். ராத்திரியில் சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராகக் காணாமல் போவார்கள். பச்சைப் பேய் இரண்டு வரும். பிடித்துப் பார்த்தால் உயிலைக் கையில் வைத்திருந்த வக்கீலும் அவர் கூட்டாளியும். வாரிசுகள் பயந்து ஓடிவிட்டால் சொத்து அவர்களுக்கு. கடைசியில் அந்தச் சொத்தும் செல்லாத பணம். 1865-இல் முடிந்த அமெரிக்க உள்நாட்டுப் போரில் தோற்ற தென் மாநிலங்கள் அச்சடித்த நோட்டு. ஒருவருக்கும் ஒரு பைசா பிரயோஜனமில்லை. யாரும் எதையும் பிரித்துக்கொள்ளவில்லை.

அப்படியானால் ஆளுக்கொரு பங்கு, நாய்க்கும் ஒரு பங்கு என்ற முடிவு உங்கள் தலைக்குள் எப்படி வந்தது? இங்கிலீஷ் புரியாத எட்டு வயதுப் பையனுக்குக் கதை சொன்னது யார்? செல்லாத நோட்டு என்பதை உங்களுக்கு எப்படி விளக்குவது என்று தெரியாமல் சொன்னாளோ, நாய்க்கு ஒன்றுமில்லை என்றால் தம்பி அழுவான் என்று மாற்றினாளோ, அவளைத்தான் கேட்க வேண்டும். உங்கள் ஞாபகத்தில் தப்பில்லை. இத்தனை வருஷம் நீங்கள் ஞாபகம் வைத்திருந்தது கார்ட்டூனை இல்லை, அக்காவின் குரலை. அன்றைக்கு ராத்திரி படம் இருந்தது, குரல் இல்லை. அதைத்தான் வெறுமை என்று எழுதுகிறீர்கள்.

நாய்க்குக்கூடப் பங்கு கொடுத்துக் கதையை முடித்தவளுக்கு நீங்கள் என்ன அனுப்பினீர்கள்? "எனக்கு ஒன்றும் வேண்டாம்" என்று அவளே கையெழுத்துப் போட வேண்டிய காகிதம். அதுவும் வாட்ஸ்அப்பில். "அக்கா, சாப்பிட்டியா" என்று ஒரு வரி மேலே போட்டீர்களா? போட்டிருந்தால் கடிதத்தில் அதைச் சொல்லியிருப்பீர்கள். "தொடர்பில் இல்லை" என்று வேறு எழுதுகிறீர்கள். அது இன்சூரன்ஸ் ஏஜென்டைப் பற்றிச் சொல்கிற வார்த்தை. கூடப் பிறந்தவளுக்கு அதைச் சொல்லாதீர்கள். அக்காவுக்குப் பிள்ளைகள் உண்டா, என்ன படிக்கிறார்கள் என்று ஒரு வார்த்தை இல்லை. அதில் ஒன்றையாவது மடியில் உட்கார வைத்துக் காது குத்தியிருந்தால் இப்படி எழுத உங்களுக்குக் கை வந்திருக்காது.

அந்த 40 பவுன். இதையும் நான் ஆயிரம் தடவை கேட்டாகிவிட்டது. அப்பா உங்கள் படிப்புக்குக் கட்டிய பணத்தை யாராவது உங்கள் பங்கில் கழித்தார்களா? அப்பா சம்பாதித்துக் கட்டிய வீடு, உயில் இல்லை என்று நீங்களே சொல்கிறீர்கள். 1956-ஆம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அம்மா இருந்தால் அம்மாவுக்கும் உங்களுக்கும் அக்காவுக்கும் சம பங்கு. நகை அதில் கழியாது. அவள் கல்யாணமாகிப் போனதும் கணக்கில் வராது. விடுதலைப் பத்திரம் அவளாக மனசு வந்து கொடுத்தால்தான். அதைக் கடன் பாக்கி மாதிரி வசூல் பண்ண முடியாது.

நானும் அப்படிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவள்தான். என் தம்பி ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, சமையலறையில் பலகை போட்டு உட்கார்ந்து, கடன் எவ்வளவு, வட்டி எவ்வளவு என்று ஒளிக்காமல் சொன்னான். "உன் பங்குக்கு இப்போதைக்கு என்னால் இவ்வளவுதான்கா முடியும்" என்றான். நான் ஒன்றும் தியாகி இல்லை. எட்டு மாதம் இழுத்தடித்து, அவன் சொன்னதற்கு மேல் கொஞ்சம் கேட்டு வாங்கிக்கொண்டுதான் சார்பதிவாளர் ஆபீசுக்குப் போனேன். ரேகை வைத்த மையைச் சேலைத் தலைப்பில் துடைத்த கறை இன்னும் இருக்கிறது. அதற்குப் பிறகு ஒரு தீபாவளிக்கும் அவன் வராமல் இருந்ததில்லை. வராமல் இருந்திருந்தால் அந்தச் சேலையை எரித்திருப்பேன்.

பையனுக்குத் தாராளமாகக் காட்டுங்கள். ஆறு வயதுக்கு அந்தப் பேய் ஒன்றும் செய்யாது. ஆனால் போனைக் கையில் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து கதை சொல்லுங்கள்.

அதற்கு முன்னால் அவனைக் கூட்டிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போங்கள். போன் பண்ணிவிட்டுப் போகாதீர்கள், "இன்றைக்கு வசதிப்படாது" என்பாள். பூவும் பழமும் வாங்கிக்கொள்ளுங்கள், பத்திரம் பெங்களூரிலேயே கிடக்கட்டும். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இரண்டு வார்த்தை திட்டுவாள், வாங்கிக்கொள்ளுங்கள். சாப்பாடு ஆனதும் அந்தக் கதையைப் போட்டு, சத்தத்தை அணைத்துவிட்டு, பையனை அவள் பக்கத்தில் உட்கார வையுங்கள். கடைசியில் நாய்க்கு எவ்வளவு கொடுக்கிறாள் என்று எனக்கு எழுதுங்கள்.